வேளையறிந்து உண்ணல்
(இடைத்தீனியைத் தவிர்க்கும் எளிய பழக்கங்கள்)

ஆலயங்களில் பூசைகள் காலம் குறித்தே நடைபெறுகின்றன. பெரிய ஆலயங்களில் ஆறு காலம், கிராமத்து ஆலயங்களில் இரண்டு அல்லது மூன்று காலம் என எண்ணிக்கை வேறுபட்டாலும் ஒழுங்கு ஒன்றேயாகும். காலைச் சந்திக்குரிய நைவேத்தியம் காலையிலும், உச்சிக்காலத்துக்குரியது நண்பகலிலும், சாயரட்சைக்குரியது மாலையிலும் படைக்கப்படுகின்றது. நினைத்த நேரமெல்லாம் மடைப்பள்ளியில் அடுப்பு மூட்டித் தளிகை வைக்கும் வழக்கம் இல்லை. ஆலயமணி கேட்டு எழுந்து, ஆலயமணி கேட்டு அடுப்பை மூட்டிய கிராமத்து வீடுகளிலும் ஒரு காலத்தில் இந்த ஒழுங்கே நிலவியது. காலையில் பழஞ்சோறோ, பிட்டோ, இடியப்பமோ. மத்தியானம் சோறும் கறிகளும். இரவில் மீண்டும் பிட்டு அல்லது இடியப்பம். பலகாரம் என்பது தீபாவளிக்கும் வருடப்பிறப்புக்கும் கலியாண வீட்டுக்கும் உரிய பொருளாகவே இருந்தது. வீட்டில் மோதகம் அவித்தால் அன்று ஏதோ விசேட தினம் என்று அயலவர் விளங்கிக்கொள்வர்.

இன்று நிலைமை அவ்வாறில்லை. சந்திக் கடையில் கண்ணுக்கு நேரே தொங்குகின்ற மிக்சர், முறுக்கு, சிப்ஸ் பைகளும், கண்ணாடிப் பெட்டிக்குள் அடுக்கப்பட்ட றோல்ஸ், பற்றிஸ், பணிஸ் வகைகளும், வீட்டு அலுமாரியில் நிரந்தரமாகவே இடம் பிடித்துவிட்ட பிஸ்கற் ரின்னும் சேர்ந்து, மூன்று வேளை உணவை ஏழு, எட்டு வேளையாக்கிவிட்டன. 1990களில் வடபகுதி மீதான பொருளாதாரத் தடை நிலவிய காலத்தில் சீனி கிடைப்பது அருமையாகி, பனங்கட்டியைச் சிறிது கடித்துக்கொண்டு தேநீர் குடித்த தலைமுறை இன்னும் கிராமங்களில் வாழ்கின்றது. 2002இல் ஏ-9 பாதை திறந்தபோதும், மூடுண்ட அப்பாதை 2009இன் பின்னர் மீண்டும் திறந்தபோதும், தெற்கிலிருந்து வந்த பொருட்களுள் பொதிசெய்யப்பட்ட தின்பண்டங்களும் பெருமளவில் இருந்தன. பசியை அறிந்த பெற்றோர், தமக்குக் கிடைக்காதது பிள்ளைகளுக்காவது கிடைக்கட்டும் என்று வாங்கிக் கொடுத்ததில் வியப்பில்லை. அந்த அன்பைக் குறைகூற எவருக்கும் உரிமையில்லை. ஆயினும் அதன் விளைவைப் பார்க்காமலும் இருக்க முடியாது.

விளைவு எங்கே தெரிகின்றது? வைத்தியசாலையில் மாதாந்தக் கிளினிக் நாளன்று விடியற்காலையிலேயே இடம்பிடிக்கும் வரிசையில் தெரிகின்றது. முன்னர் சீனி வருத்தம் என்றால் அறுபது வயதைக் கடந்தவர்களின் பேச்சாக இருந்தது. இன்று முப்பது வயதுடையவரும் கொப்பியோடும் மாத்திரைப் பையோடும் அவ்வரிசையில் நிற்கின்றார். காலில் ஏற்பட்ட சிறு புண் ஆறாமல் விரலையோ காலையோ இழந்தவர்களும், சிறுநீரகம் பழுதடைந்து வாரந்தோறும் இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்பவர்களும் கிராமங்களில் உள்ளனர். நேர்த்தி வைத்துப் பிரதட்டை செய்த உடம்பு வீதியைச் சுற்றி நடக்கவும் முடியாத நிலைக்கு வருகின்றது. இதற்கு இடைத்தீனி ஒன்றே காரணம் என்று சொல்வது மிகைப்பட்டதாகும். பரம்பரை, உடலுழைப்புக் குறைவு, உடற்பருமன், மன அழுத்தம் எனப் பல காரணங்கள் உள்ளன. ஆனால் பரம்பரையை மாற்ற முடியாது. பிஸ்கற் ரின்னை மாற்றலாம்.

முன்னோர் நோக்கு

திருக்குறளில் மருந்து என்னும் பெயரில் 95ஆம் அதிகாரம் அமைந்துள்ளது. பெயரைப் பார்ப்பவர் மூலிகைகளைப் பற்றி எதிர்பார்ப்பர். உள்ளே இருப்பதோ உணவு. பத்துக் குறள்களில் ஆறு, முன்னர் உண்டது செரித்ததை அறிந்து உண்ணுதல், நன்றாகப் பசித்த பின் உண்ணுதல், அளவோடு உண்ணுதல், உடம்புக்கு ஒவ்வாததை மறுத்தல் என்பவற்றையே பேசுகின்றன. மருத்துவனைப் பற்றிய பேச்சு இறுதி மூன்று குறள்களில்தான் வருகின்றது. முதலில் உண்டது செரிக்கும் முன்னர் அடுத்ததை வாயிலிடுவது நோய்க்கு வழி என்பது வள்ளுவர் கருத்து. இடைத்தீனி என்பது வேறென்ன?

ஒளவையார் இன்னும் நேராகவே சொல்லியுள்ளார். ஆத்திசூடியின் நகர வருக்கத்தில் சிற்றுண்டிகளை நுகராதே என்று உரையாசிரியர்கள் பொருள் கொள்ளும் ஓர் அடி உண்டு. மகர வருக்கத்தில் மிகையாக உண்பதை விரும்பாதே என்ற பொருளில் இன்னோர் அடி உண்டு. முதலாம் வகுப்புப் பிள்ளை மனப்பாடம் செய்து ஒப்புவிக்கும் நூலில் இவை இருக்கின்றன. ஒப்புவித்து முடிந்ததும் பரிசாக ஒரு ரொபி கொடுக்கப்படுவதுதான் வேடிக்கை.

யாழ்ப்பாணம் நல்லூரில் 1822இல் அவதரித்த ஆறுமுக நாவலர் பெருமான், சைவ வினாவிடை இரண்டாம் புத்தகத்தில் விரதத்துக்குத் தந்த விளக்கம் இவ்விடயத்தில் ஊன்றிப் படிக்கத்தக்கது. உணவை விடுவதோ சுருக்குவதோ விரதத்தின் நோக்கம் என்று அவர் கூறவில்லை. மனம் ஐம்பொறிகளின் வழியே ஓடாமல் நிற்பதே நோக்கம். உணவைக் குறைத்தல் அதற்கான வழி. அந்நிலையில் மனம், வாக்கு, காயம் மூன்றினாலும் இறைவனை வழிபடுதலே விரதம் என்பது அவர் கருத்தின் சாரம். கடைப் பெட்டியைக் கண்டதும் கை நீளுவது பசியினால் அன்று. கண் என்னும் பொறியின் வழியே மனம் போனதனால். இதனை உணர்ந்தவருக்கு இடைத்தீனியை விடுவது உணவுக் கட்டுப்பாடாக மாத்திரம் தோன்றாது. சிறியதொரு நாளாந்த விரதமாகவும் தோன்றும்.

வயிற்றினுள் நடப்பது

சோறும் கறியுமாக உண்ட உணவு இரைப்பையை விட்டு நீங்குவதற்குச் சுமார் மூன்று முதல் நான்கு மணித்தியாலங்கள் செல்லும். உணவிலுள்ள மாப்பொருள் குளுக்கோசாக மாறி இரத்தத்தில் கலக்கின்றது. உடனே கணையம் இன்சுலினைச் சுரந்து அதனைத் தசைகளுக்கும் ஈரலுக்கும் அனுப்பி வைக்கின்றது. ஆரோக்கியமான ஒருவரின் இரத்தத்தில் உயர்ந்த குளுக்கோசு இரண்டு, மூன்று மணித்தியாலங்களில் பழைய அளவுக்குத் திரும்பும். அதன் பின்னர் இன்சுலினும் தாழ்ந்து, உடல் தான் சேமித்து வைத்ததைச் செலவிடத் தொடங்கும். ஒன்றரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை ஒரு பணிஸ், ஒரு தேநீர், ஒரு கைப்பிடி மிக்சர் என்று போட்டுக்கொண்டிருப்பவரின் உடலுக்கு அந்தச் செலவிடும் நேரம் பகலில் வாய்ப்பதேயில்லை. வரவு மட்டும் எழுதப்படும் கணக்குக் கொப்பி போல, மேலதிகமானது வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகச் சேர்கின்றது. தென்னாசிய மக்களுக்கு உடல் மெலிந்து தோன்றினாலும் வயிறு பருத்தால் நீரிழிவு வரக்கூடிய இயல்பு அதிகம். ஆண்களுக்கு 90 சென்ரிமீற்றர், பெண்களுக்கு 80 சென்ரிமீற்றர் இடுப்புச் சுற்றளவு எச்சரிக்கை எல்லையாகக் கொள்ளப்படுவது அதனாலேயே. தையற்காரரின் அளவு நாடா ஒன்று போதும். எவரும் வீட்டிலேயே அளந்து பார்க்கலாம்.

வயிறு இரைவதைப் பசி என்று கருதுவோர் பலர். இரைப்பையும் சிறுகுடலும் வெறுமையாக இருக்கும்போது ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை மேலிருந்து கீழாக ஓர் அலை போன்ற அசைவு ஏற்பட்டு, எஞ்சிக் கிடப்பவற்றைக் கூட்டித் தள்ளுகின்றது. கோயில் வீதியை விடியற்காலையில் கூட்டுவது போன்ற வேலை அது. அந்த நேரத்தில் எழும் ஒலியே இரைச்சல். வாயில் எதையேனும் போட்டவுடன் கூட்டுகிற வேலை நின்றுவிடும்.

இன்னுமொரு செய்தி நம்பிக்கை தருவதாகும். இரைப்பையிலிருந்து சுரந்து பசியை மூளைக்கு அறிவிக்கும் கிறெலின் என்ற ஓமோன், ஒருவர் வழக்கமாக உண்ணும் நேரத்தை ஒட்டி உயர்ந்து, பின்னர் தணிகின்றது. நாள்தோறும் முற்பகல் 10 மணிக்குப் பற்றிஸ் சாப்பிடுபவருக்கு 10 மணிக்குப் பசி வரும். அவர் அதை விட்டுச் சில வாரங்கள் சென்றால் அந்த 10 மணிப் பசியும் வருவதைக் குறைத்துக்கொள்ளும். ஆகவே இடைப்பசி என்பது பெரும்பாலும் மனிதன் தானே பழக்கிய பசியாகும்.

பற்களின் கதி தனியாக விளக்க வேண்டியதில்லை. இனிப்புப் பட்டவுடன் வாயிலுள்ள பக்ரீரியா அமிலத்தை உண்டாக்குகின்றது. உமிழ்நீர் அதைச் சமப்படுத்த அரை மணித்தியாலம் முதல் ஒரு மணித்தியாலம் வரை எடுக்கின்றது. ஒரே தடவையில் மூன்று ரொபி சாப்பிடும் பிள்ளையை விட, மூன்று ரொபியை மூன்று வேளைகளில் சாப்பிடும் பிள்ளையின் பல்லே கூடுதலாகச் சேதமடையும்.

தேநீர்க் கணக்கு

கிராமத்து இடைத்தீனியின் தலைவாசல் தேநீராகும். தேநீரில் குற்றமில்லை, அதனுள் போகும் சீனியும் அதனோடு வருகின்ற பரிவாரமுமே குற்றம். காலை எழுந்ததும் ஒன்று, 10 மணிக்கு ஒன்று, மத்தியானத் தூக்கத்தின் பின் ஒன்று, கோயிலால் வந்து ஒன்று, அயல் வீட்டில் ஒன்று எனக் குறைந்தது ஐந்து கோப்பை. ஒன்றுக்கு இரண்டு தேக்கரண்டி சீனி என்றால் நாளொன்றுக்குப் பத்துத் தேக்கரண்டி. தட்டையாக அள்ளிய தேக்கரண்டி ஒன்று ஏறக்குறைய 4 கிராம் கொள்ளும். எனவே 40 கிராம். உலக சுகாதார நிறுவனம் 2015இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, உணவில் சேர்க்கப்படும் சீனி நாளாந்தச் சக்தித் தேவையின் நூற்றுக்குப் பத்து வீதத்துக்குக் குறைவாகவும், இயலுமாயின் ஐந்து வீதத்துக்குக் குறைவாகவும் இருத்தல் வேண்டும். ஐந்து வீதம் என்பது சாதாரண வளர்ந்த ஒருவருக்குச் சுமார் 25 கிராம், அதாவது ஆறு தேக்கரண்டி. பிஸ்கற்றையும் கேக்கையும் கணக்கில் சேர்க்க முன்னரே, தேநீர் மாத்திரம் அந்த எல்லையைத் தாண்டிவிடுகின்றது.

சோடாவின் கணக்கு இதனிலும் மோசம். 100 மில்லிலீற்றரில் 10 கிராம் சீனி என்று எழுதப்பட்டிருக்கும் பானத்தில், 400 மில்லிலீற்றர் போத்தல் ஒன்றைக் குடித்து முடிப்பவர் 40 கிராமை ஐந்து நிமிடத்தில் விழுங்குகின்றார். இலங்கையில் மென்பானப் போத்தல்களின் சீனி அளவைக் காட்டும் நிறக் குறியீடு 2016இல் கட்டாயமாக்கப்பட்டது. சிவப்பு வட்டம் அதிகம் என்பதையும், செம்மஞ்சள் நடுத்தரம் என்பதையும், பச்சை குறைவு என்பதையும் குறிக்கும். எழுத்து வாசிக்கத் தெரியாத முதியவரும் நிறத்தைப் பார்க்கலாம்.

தேநீருக்கு இன்னொரு பக்கமும் உண்டு. சாப்பிட்ட கையோடு தேநீர் குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறைகின்றது. கீரையிலும் பயறிலும் உள்ள இரும்புச்சத்தையே நம்பியிருக்கும் மரக்கறி உண்போருக்கு, விசேடமாகப் பெண்களுக்கு, இது கவனிக்க வேண்டிய விடயம். உணவுக்கும் தேநீருக்கும் இடையில் ஒரு மணித்தியாலமாவது விடுவது நல்லது. சாப்பாட்டோடு தேசிக்காய்ப் புளி சேர்வது இரும்புச்சத்து உறிஞ்சப்படுவதற்கு உதவும்.

ஆனால் வீடுகளில் தேநீர் ஒரு பானம் மட்டுமன்று, அது உபசாரம். வாசலில் வந்தவரை, "இருங்கோ, ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோவன்" என்று சொல்லாமல் அனுப்புவது மரியாதைக் குறைவு. வந்தவர் "வேண்டாம்" என்றால் வீட்டுக்காரர் மனம் கோணுவார். சீனி வருத்தமுள்ளவர் ஐந்து வீடுகளுக்குக் கலியாணம் சொல்லப் போனால் ஐந்து கோப்பை குடித்தே ஆகவேண்டிய நிலைமை. இதை ஒரு தனி மனிதரின் மனவுறுதியால் மாத்திரம் தீர்க்க முடியாது. கொடுப்பவரும் மாற வேண்டும். மோர், உப்பிட்ட தேசிக்காய்த் தண்ணீர், மல்லித் தண்ணீர், வெறும் செம்புத் தண்ணீர் எல்லாமே ஒரு காலத்தில் உபசாரமாகவே இருந்தன. "சீனி போடவோ, விடவோ?" என்று கேட்டுவிட்டு ஆற்றுவது மரியாதைக் குறைவு ஆகாது. கேட்காமல் மூன்று கரண்டி போடுவதுதான் விருந்தினரின் உடலுக்குச் செய்யும் அவமரியாதை.

சீனியை ஒரே நாளில் நிறுத்துபவர் பெரும்பாலும் ஒரு கிழமையில் திரும்பிவிடுவார். இரண்டு கரண்டியை ஒன்றேமுக்காலாகவும், இரண்டு கிழமை சென்று ஒன்றரையாகவும் குறைத்து வந்தால் நாக்குக்கு வித்தியாசம் பெரிதாகத் தெரியாது. இரண்டு, மூன்று மாதங்களில் அரைக் கரண்டிக்கு வந்தவருக்குப் பழைய தேநீர் பாணி போலத் தித்திக்கும்.

பழக்கம் படியும் விதம்

இடைத்தீனியை விடப் பலர் முயல்கின்றனர். வருடப்பிறப்பன்றோ பிறந்தநாளன்றோ சபதம் செய்கின்றனர். பத்தாம் நாள் விட்டுவிடுகின்றனர். மனவுறுதி இல்லை என்று தம்மையே நொந்துகொள்கின்றனர். உண்மையில் குறைபாடு மனவுறுதியில் இருப்பதைக் காட்டிலும் முறையிலேயே இருக்கின்றது. "இனிமேல் கண்டபடி சாப்பிட மாட்டேன்" என்பது பழக்கம் ஆகாது, அது ஆசை. பழக்கத்துக்கு நேரமும் இடமும் வேண்டும். "கோயில் உச்சிக்கால மணி கேட்டதும் பாயில் இருந்து சாப்பிடுவேன்" என்பதே பழக்கமாகக்கூடிய தீர்மானம்.

இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட ஆய்வொன்றில், 96 பேர் தத்தமக்குரிய ஒரு சிறு செயலைத் தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்து வந்தனர். அது தானாகவே நடக்கும் பழக்கமாகப் படிவதற்கு எடுத்த காலம் ஆளுக்கு ஆள் 18 நாட்கள் முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. நடுவான அளவு 66 நாட்கள். ஆலயங்களில் கும்பாபிஷேகத்தின் பின் ஒரு மண்டலம் அபிஷேகம் செய்து நிறைவு செய்யும் மரபை அறிந்த அடியார்களுக்கு, ஒரு காரியத்தை 48 நாட்கள் இடைவிடாது செய்வது புதிய எண்ணமன்று. ஒரு மண்டலமும் அதன் மேல் இன்னும் மூன்று கிழமையும் என்று கணக்கு வைத்துக்கொண்டால் ஏறத்தாழப் பொருந்துகின்றது. அவ்வாய்வில் கண்ட மற்றொரு விடயம் பலருக்கு ஆறுதல் தரும்: இடையில் ஒரு நாள் தவறியதனால் பழக்கம் படிவது பெரிதும் பாதிக்கப்படவில்லை. கலியாண வீட்டில் இரண்டு பலகாரம் சாப்பிட்டவர், "இனி என்ன, எல்லாம் போச்சு" என்று அடுத்த நாளும் தொடர்வதுதான் கேடு.

முதற்பழக்கம் காலை உணவாகும். இடைத்தீனிக்கு எதிரான போர் அடுப்படியில் காலை ஏழு மணிக்கே வெல்லப்படுகின்றது அல்லது தோற்கப்படுகின்றது. வெள்ளைப் பாணும் சம்பலும் சாப்பிட்டவருக்கும், பிட்டோடு சீனியும் வாழைப்பழமும் பிசைந்து சாப்பிட்டவருக்கும் 10 மணிக்கு வயிறு வெறுமையாகத் தோன்றும். குரக்கன்மாப் பிட்டு அல்லது சிவப்பரிசிமா இடியப்பம், அதனோடு பருப்போ கடலையோ பயறோ சேர்ந்த ஒரு கறி, முருங்கையிலை வறையோ வல்லாரைச் சம்பலோ இருந்தால் நார்ப்பொருளும் புரதமும் சேர்ந்து மத்தியானம் வரை தாங்கும். இது புதிய விஞ்ஞானமன்று. தோட்டத்துக்குப் போனவர்கள் உண்ட உணவே. காலையில் ஒன்றும் சாப்பிடாமல் பாடசாலைக்கு ஓடும் பிள்ளை இடைவேளையில் றோல்ஸ் வாங்குவதற்குப் பிள்ளையைத் திட்டிப் பயனில்லை.

இரண்டாவது, இருந்து உண்ணல். எதை உண்டாலும் தட்டில் போட்டு, ஓரிடத்தில் இருந்து, திருநீறு பூசி இறைவனை நினைத்து உண்பது என்று வைத்துக்கொள்வது. இந்த ஒரு விதியே பாதி இடைத்தீனியை நீக்கிவிடும். அடுப்படியில் நின்றபடியே வாயில் போடுவது, பிள்ளைகளின் கோப்பையில் மிஞ்சியதை வீணாக்கக் கூடாதென்று வழித்துச் சாப்பிடுவது, பலகாரம் சுடும்போது உடைந்த முறுக்குகளைத் தின்பது எல்லாம் கணக்கில் வராமலே போகின்றன. குடும்பத் தலைவிகள் பலர், "நான் ஒண்டும் சாப்பிடேல்லை, ஆனா உடம்பு வைக்குது" என்று கிளினிக்கில் சொல்வது பொய்யன்று. அவர்கள் இருந்து சாப்பிட்டதையே நினைவில் வைத்திருக்கின்றார்கள்.

மூன்றாவது, கண்ணுக்கு மறைத்தல். மேசையில் திறந்திருக்கும் மிக்சர் போத்தலை வேண்டாமென்று நாளுக்கு இருபது தடவை மனதால் மறுப்பதிலும், அதை வாங்காமல் ஒரே தடவை மறுப்பது இலகு. கடைக்குச் செல்லும்போது சாப்பிட்டுவிட்டுச் செல்ல வேண்டும். வெறும் வயிற்றோடு போனவரின் பை வேறுவிதமாக நிரம்பும்.

பின்னேரம் நான்கு மணி முதல் ஆறு மணி வரையான பொழுதே மிகவும் கடினமானது என்பதை அனுபவமுள்ளவர்கள் அறிவர். மத்தியானச் சாப்பாடு செரித்து, இரவுச் சாப்பாட்டுக்கு நேரமிருக்கும் பொழுது அது. வேலையால் வந்த களைப்பும், பாடசாலையால் வந்த பிள்ளைகளின் ஆரவாரமும் சேரும். இந்நேரத்தை வெறுமையாக விடாமல் நிரப்ப வேண்டும். முதலில் ஒரு குவளை தண்ணீர் குடித்துப் பத்து நிமிடம் பொறுத்தால், தாகமே பசியாகத் தோன்றியிருந்தால் அது அடங்கிவிடும். பின்னர் முற்றம் கூட்டுதல், பூங்கன்றுக்குத் தண்ணீர் விடுதல், பூசைக்குப் பூக் கொய்தல், கோயிலுக்கு நடந்து செல்லல் என்று கைக்கும் காலுக்கும் வேலை கொடுக்கலாம். சாயரட்சைப் பூசைக்கு மோட்டார் சைக்கிளை விட்டு நடந்து செல்பவருக்கு இரண்டு பலன். இதன் பின்னரும் உண்மையான பசி இருக்குமானால் இரவுச் சாப்பாட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி 7 மணிக்கே முடித்துவிடுவது, நான்கு வடையும் தேநீரும் உட்கொண்டு பின்னர் 9.30க்குப் பிட்டும் சாப்பிடுவதை விட எவ்வளவோ மேலானது.

தொலைக்காட்சி நாடகத்துக்கு முன்னால் இருந்து உண்பதையும் கைத்தொலைபேசியைப் பார்த்துக்கொண்டு உண்பதையும் பற்றி நீண்டு எழுதத் தேவையில்லை. கண் ஒரு பக்கமும் கை ஒரு பக்கமும் போகும்போது போதும் என்ற உணர்வு வருவதற்குள் பை முடிந்துவிடும். வயிறு நிறைந்தது என்ற செய்தி மூளைக்குச் சென்று சேர ஏறத்தாழ இருபது நிமிடம் எடுக்கின்றது என்பதை நினைவில் வைத்து மெதுவாக மென்று உண்பவர், அடுத்த வேளை வரை தாங்குவார். இரவில் போதிய தூக்கமில்லாதவருக்கு மறுநாள் இனிப்பிலும் எண்ணெய்ப் பண்டத்திலும் ஆசை கூடுவதும் அறியப்பட்ட உண்மை.

விரதமும் பாரணையும்

வெள்ளி, சதுர்த்தி, சஷ்டி, புரட்டாதிச் சனி, கேதாரகௌரி, கந்தசஷ்டி என விரதங்களுக்குக் குறைவில்லை. கந்தசஷ்டி ஆறு நாளும் பால், பழத்தோடு இருப்பவர்களும், நீர் மட்டும் அருந்தி இருப்பவர்களும் உள்ளனர். ஆறு நாள் பட்டினியைத் தாங்கும் மனம், ஏழாம் நாள் தேநீரோடு வரும் பிஸ்கற்றை மறுக்க முடியாமல் தவிப்பது ஏன்? விரத நாளில் உண்பதில்லை என்ற தீர்மானம் முன்னரே எடுக்கப்பட்டுவிட்டது, வீட்டாரும் அயலவரும் அதை அறிவர், எவரும் வற்புறுத்துவதில்லை. சாதாரண நாளில் ஒவ்வொரு தடவையும் புதிதாகத் தீர்மானிக்க வேண்டியிருக்கின்றது. ஆகவே, "எங்கட வீட்டில் சாப்பாட்டு நேரத்துக்கு இடையில் ஒன்றும் சாப்பிடுறதில்லை" என்று வீட்டு ஒழுங்காகவே அறிவித்துவிடுவது உதவும். ஒருவர் மாத்திரம் கட்டுப்பாடாக இருக்க, மற்றவர்கள் அவர் முன்னாலேயே சிப்ஸ் பை உடைப்பது தோல்விக்கு வழி.

பகலெல்லாம் விரதமிருந்து மாலையில் வடை, கடலை, மோதகம், சுண்டல், இரண்டு குவளை பழரசம் என்று ஈடுகட்டுவதும் உண்டு. பாரணையின்போது அளவோடு சோறும் பருப்பும் மரக்கறிகளும் உண்பதே மரபு. ஒருபொழுது என்பது ஒரு பொழுது உண்பதைக் குறிக்கும். ஒரு பொழுது தவிர மற்ற நேரமெல்லாம் கொறிப்பதை அன்று.

பிரசாதமும் உபயமும்

கோயிலில் தரும் மோதகத்தையும் சர்க்கரைப் பொங்கலையும் பஞ்சாமிர்தத்தையும் என்ன செய்வது என்று சீனி வருத்தமுள்ளவர்கள் சங்கடப்படுவதுண்டு. பிரசாதம் வயிறு நிரப்புவதற்குரியதன்று. கண்ணில் ஒற்றி ஒரு சிட்டிகை உட்கொண்டால் அருள் குறைந்துவிடாது. மிகுதியை வீட்டுக்குக் கொண்டு சென்று குடும்பத்தோடு, உணவு வேளையில், உணவின் ஒரு பகுதியாகப் பகிர்ந்துண்ணலாம்.

திருவிழாக் காலத்தில் உபயகாரர்கள் பிள்ளைகளுக்குச் சோடாவும் பிஸ்கற் பக்கற்றும் ரொபியும் பகிர்வது அண்மைக் காலத்தில் பெருகியுள்ளது. மனம் நல்லது. எனினும் பத்து நாள் திருவிழாவில் பத்து நாளும் ஒரு பிள்ளைக்குச் சிவப்பு வட்டப் போத்தல் கிடைப்பது நன்றன்று. அதே செலவில் அவித்த கடலை, அவித்த பயறு, வாழைப்பழம், கச்சான், மோர், இளநீர் ஆகியவற்றைக் கொடுக்கலாம். தண்ணீர்ப் பந்தலில் சர்க்கரைத் தண்ணீருக்குப் பக்கத்தில் வெறும் குடிநீரும் மோரும் ஒரு பானையில் இருந்தால், வெயிலில் காவடியோடு வந்த நீரிழிவு நோயாளரும் தாகம் தீர்ப்பார். ஆலய பரிபாலன சபையும் உபயகாரர்களும் திருவிழாவுக்கு முன்னர் கூடும் கூட்டத்தில் பத்து நிமிடம் இதைப் பற்றிப் பேசினால் போதுமானது.

யாருக்குப் பொருந்தாது

மேலே கூறியவை ஆரோக்கியமான வளர்ந்தவர்களுக்கும் உடல் பருத்தவர்களுக்குமே பெரிதும் உரியன. சிறு பிள்ளைகளின் இரைப்பை சிறியது. அவர்களுக்கு மூன்று வேளையோடு நேரம் குறித்த ஒன்று அல்லது இரண்டு சிற்றுணவு தேவை. அது பழமாகவோ அவித்த கடலையாகவோ எள்ளுருண்டையாகவோ இருக்கலாம். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும், நோயால் மெலிந்தவர்களும், ஒரே தடவையில் போதிய அளவு உண்ண முடியாத முதியவர்களும் இடையில் உண்ணவே வேண்டும். பாட்டிக்குப் பின்னேரம் கஞ்சி கொடுப்பதை நிறுத்தச் சொல்லி எவரும் இக்கட்டுரையைக் காட்டக் கூடாது.

இன்சுலின் ஊசி போடுபவர்களும் சீனி வருத்தத்துக்கு மாத்திரை எடுப்பவர்களும் தம் வைத்தியரைக் கேட்காமல் உணவு வேளைகளை மாற்றுவதோ விரதமிருப்பதோ ஆபத்தாகும். மருந்து வேலை செய்யும் நேரத்தில் உணவு இல்லாவிட்டால் இரத்தத்தில் குளுக்கோசு அளவுக்கு மிஞ்சித் தாழ்ந்துவிடும். கைகால் நடுங்குதல், குளிர்ந்து வியர்த்தல், நெஞ்சு படபடத்தல், பேச்சுத் தடுமாறுதல் என்பன அதன் அறிகுறிகள். கோயில் வரிசையில் நிற்கும்போது ஒருவருக்கு இவ்வாறு ஏற்பட்டால், சுயநினைவோடு விழுங்கக்கூடியவராயின், விரதம் என்று பாராமல் உடனே மூன்று, நான்கு தேக்கரண்டி சீனியை நீரில் கரைத்துக் கொடுத்து இருத்த வேண்டும். தெளிந்த பின்னர் ஏதாவது உணவு கொடுக்க வேண்டும். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றாமல், ஒரு பக்கமாகச் சரித்துப் படுக்கவைத்து, 1990 என்ற இலக்கத்துக்கு அழைத்து நோயாளர் காவு வண்டியை வரவழைக்க வேண்டும்.